தோட்டத்து மரத் தளம்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி?

மரத் தளத்தில் ஏதாவது கோளாறு தெரிந்தால் பெரும்பாலானவர்கள் முதலில் தேடிப் போவது எண்ணெய் டின்னைத்தான். நிறம் மங்கினாலும் எண்ணெய், வழுக்கினாலும் எண்ணெய், பலகை வளைந்தாலும் எண்ணெய். கொஞ்சம் பொறுங்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். தோட்டத்து டெக்கில் வரும் தொல்லைகளில் பெரும்பகுதி, தண்ணீர் வடிய வழியில்லாமல் எங்காவது தங்கிவிடுவதால் வருகிறது. நாம் நடக்கும் மேல்பக்கத்தில் அது தெரியாது. பலகைக்கு அடியில், அதைத் தாங்கும் சட்டத்தின் தலையில் (மேல் விளிம்பில்), பலகை முனையின் வெட்டுமுகத்தில் ஈரம் ஒளிந்திருக்கும்.

மரத்தை மக்க வைக்கும் பூஞ்சைக்கு ஈரம் இல்லாமல் வாழ்வில்லை. மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை அதனால் வளர முடியாது. மழையில் நனைந்தாலும் ஓரிரு நாளில் காய்ந்துவிடும் பலகை வெகுகாலம் உழைக்கும். நனைந்தது நனைந்தபடியே கிடக்கும் பலகை, எவ்வளவு விலை உயர்ந்த மரமானாலும், போய்விடும். எந்த மரம், எந்த எண்ணெய் என்ற கேள்விகள் இதற்குப் பிறகுதான்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்

ஒரு டார்ச், ஒரு ரசமட்டம், ஒரு மெல்லிய ஸ்க்ரூடிரைவர், ஒரு வாளித் தண்ணீர் போதும்.

தண்ணீரைத் தளத்தின் மேல் ஊற்றிவிட்டு நின்று பாருங்கள். அது வீட்டுச் சுவரை விட்டு விலகி ஓட வேண்டும். ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் வாட்டம் இருந்தால் நல்லது. வரிவரியாகப் பள்ளம் வெட்டிய பலகை என்றால் அந்தப் பள்ளங்களும் வாட்டத்தின் திசையிலேயே ஓட வேண்டும். குறுக்கே போட்டிருந்தால் ஒவ்வொரு பள்ளமும் ஒரு குட்டி வாய்க்காலாகத் தண்ணீரைத் தேக்கி வைத்துக்கொள்ளும்.

அப்புறம் பலகைகளுக்கு இடையே உள்ள இடைவெளியைப் பாருங்கள். காய்ந்த பலகைகளுக்கு நடுவே 5 அல்லது 6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இருக்கிறது, ஆனால் சருகும் மண்ணும் அடைத்துக்கொண்டிருக்கிறது என்றால் இடைவெளி இல்லாததற்குச் சமம். ஒரு பழைய கத்தியையோ மெல்லிய ரீப்பரையோ வைத்துக் கிளறி எடுத்துவிடுங்கள். செலவே இல்லாத இந்த வேலையைவிடத் தளத்தின் ஆயுளைக் கூட்டுகிற வேலை வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

கடைசியாகக் குனிந்து அடியில் டார்ச் அடியுங்கள். சட்டத்துக்கும் மண்ணுக்கும் நடுவே குறைந்தது 15 சென்டிமீட்டராவது காற்று போக வேண்டும். பக்கவாட்டில் அழகுக்காகப் பலகை அடித்து முழுவதும் மூடியிருந்தால் எதிரெதிர்ப் பக்கங்களில் காற்று போகத் திறப்பு வையுங்கள். அடியில் ஈர மண் வாசனை வந்தாலோ, சட்டத்தின் கீழ்ப்பக்கம் வெண்மையாகப் பூத்திருந்தாலோ, மேலே தெரியும் கோளாறுக்குப் பாதிப் பதில் அங்கேயே கிடைத்துவிட்டது.

அறிகுறி: நிறம் சாம்பலாகிவிட்டது

இது நோயே இல்லை. மரத்தின் நார்களைப் பிணைத்து வைத்திருக்கும் லிக்னின் என்ற பொருளை வெயிலின் புற ஊதாக் கதிர் சிதைக்கிறது, சிதைந்ததை மழை கழுவிக்கொண்டு போகிறது. மிஞ்சுவது வெளிறிய நார். மேற்பரப்பில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஆழத்தில்தான் இந்த மாற்றம் நடக்கும், உள்ளே மரம் அப்படியே இருக்கும். தேக்கின் வெள்ளிச் சாம்பல் நிறம் பிடித்திருந்தால் தாராளமாக விட்டுவிடலாம். சுத்தம் செய்வதை மட்டும் நிறுத்தாதீர்கள்.

பழைய நிறம் வேண்டும் என்றால் ஆக்சாலிக் அமிலக் கரைசலால் கழுவி, நன்றாகக் காயவிட்டு, எண்ணெய் பூசலாம். நிறமே கலக்காத தெளிவான எண்ணெய் தண்ணீரைத் தடுக்கும், வெயிலைத் தடுக்காது. வெயிலை மறிப்பது எண்ணெயில் கலந்திருக்கும் நிறமித் துகள்கள்தான். அதனால் லேசாகப் பழுப்பு கலந்த எண்ணெயையே வாங்குங்கள்.

அறிகுறி: கறுப்புக் கறை

கறுப்பில் இரண்டு வகை உண்டு, மருந்தும் வேறு வேறு. ஒன்று மேற்பரப்புப் பூஞ்சை. இன்னொன்று இரும்பு. ஓக், மெர்பாவ், தேக்கு போன்ற மரங்களில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் இருக்கிறது. இரும்பும் ஈரமும் சேர்ந்தால் டானின் நீலக் கறுப்பாகிவிடும். சாதா ஆணி அடித்த இடத்தைச் சுற்றிக் கறுப்பு வளையம் வருவதும், இரும்பு நாற்காலியின் கால் பட்ட இடம் கறுப்பதும் இதனால்தான். பக்கத்தில் கிரைண்டர் வைத்துக் கம்பி அறுத்தபோது பறந்த இரும்புப் பொடிகூடப் போதும். அடுத்த மழையில் தளம் முழுக்க மை தெளித்த மாதிரி ஆகிவிடும்.

எந்த வகை என்று தெரிந்துகொள்ள, ஒரு மூலையில் உள்ள கறையில் வீட்டு பிளீச் ஒரு சொட்டு விடுங்கள். சில நிமிடத்தில் வெளுத்தால் அது பூஞ்சை. அசையாவிட்டால் பெரும்பாலும் இரும்பு. பிளீச் பட்ட இடத்தை உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள். பிளீச்சும் அமிலமும் ஒன்றாகச் சேரவே கூடாது, நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு கிளம்பும். சோதனையை ஒரு நாளும் அமிலக் கழுவலை இன்னொரு நாளும் வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

இரும்புக் கறைக்கு ஆக்சாலிக் அமிலம்தான் மருந்து. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 50 முதல் 100 கிராம் வரை பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, நனைத்த பலகையில் பூசி, கால் மணி நேரம் விட்டு, நன்றாகக் கழுவுங்கள். ரப்பர் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். தூளை மூச்சில் இழுக்காதீர்கள், அது விஷம். ஓரத்துச் செடிகளை முன்னும் பின்னும் தண்ணீரால் நனைத்துவிடுங்கள். குழந்தைகளையும் வீட்டு விலங்குகளையும் தளம் காயும்வரை கிட்டே விட வேண்டாம். ஆனால் இரும்பு அங்கேயே இருந்தால் கறை திரும்ப வரும். ஆணியைப் பிடுங்கிவிட்டு எவர்சில்வர் ஸ்க்ரூ போடும் வரை வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள். ஸ்க்ரூவில் 304 தரம் பொதுவாகப் போதும். கடற்கரைக்கு அருகிலோ நீச்சல் குளத்தைச் சுற்றியோ என்றால் 316 தரம் வேண்டும்.

புதிதாகப் போட்ட மெர்பாவ் தளத்தின் கீழே பழுப்புத் தண்ணீர் வழிந்து சுவரும் தரையும் கறையாகிறதா? அதுவும் அதே டானின்தான், மழையில் கரைந்து வெளியேறுகிறது. சில மழைக்குப் பிறகு தானாகக் குறையும். வெளிர் நிறத் தரைக்கு மேலே போடுவதாக இருந்தால் பலகைகளை முன்கூட்டியே பலமுறை கழுவி, கறையை வெளியேற்றிவிட்டுப் பொருத்துவது நல்லது.

அறிகுறி: வழுக்குகிறது

வழுக்குவது மரமல்ல, அதன் மேல் படிந்த பாசி. நிழல், ஈரம், தூசி மூன்றும் சேரும் இடத்தில் வரும். பச்சையாகத் தெரிய வேண்டும் என்றில்லை. கண்ணுக்கே தெரியாத மெல்லிய படலம்கூட மழையில் ஆளைச் சாய்த்துவிடும்.

இதற்குச் சோடியம் பெர்கார்பனேட் சார்ந்த ஆக்சிஜன் பிளீச் தூள் நல்லது. பாக்கெட்டில் சொன்ன அளவில் கரைத்து ஊற்றி, காய விடாமல் கால் மணி நேரம் ஊறவைத்து, கடினமான தென்னந்துடைப்பத்தாலோ பிரஷ்ஷாலோ நார் ஓடும் திசையில் தேய்த்துக் கழுவுங்கள். கம்பி பிரஷ் வேண்டாம். அறுந்து ஒட்டிக்கொள்ளும் கம்பித் துணுக்குகள் மேலே சொன்ன இரும்புக் கறையைக் கொண்டுவரும். சாதா குளோரின் பிளீச்சைத் தளம் முழுக்க ஊற்றுவதும் வேண்டாம், அது லிக்னினையும் அரித்துப் பலகையைப் பஞ்சாக்கும். பெர்கார்பனேட் காரத்தன்மை உள்ளது என்பதால் டானின் மரங்கள் கழுவிய பின் சற்றுக் கருத்துப்போகும். அதை நன்றாக அலசிய பிறகு, ஆக்சாலிக் கழுவல் ஒன்று நிறத்தை மீட்டுக் கொடுக்கும்.

பிரஷர் வாஷரைப் பற்றி ஒரு வார்த்தை. அதன் வேகத்தில் பாசி பறப்பதைப் பார்க்க மனசுக்கு நிறைவாகத்தான் இருக்கும். ஆனால் கூர்மையான நாசிலைக் கிட்டே வைத்து அடித்தால் ஆண்டு வளையங்களுக்கு நடுவே இருக்கும் மென்மையான பகுதி பறிந்து, நார்கள் கிளம்பிவிடும். அந்தச் சொரசொரப்பில் அடுத்த பாசி இன்னும் வசதியாகக் குடியேறும். அடித்தே ஆக வேண்டும் என்றால் அகல விசிறி நாசிலைப் போட்டு, அழுத்தத்தைக் குறைத்து, பலகையிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளிப் பிடியுங்கள்.

பள்ளம் வெட்டிய பலகை வழுக்காது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. நான் வழவழப்பான பலகையையே பரிந்துரைப்பேன். பள்ளத்தில் மண் சேரும், மண்ணில் பாசி வளரும், தேய்த்து எடுப்பது இரட்டை வேலை. சாதாப் பலகையைச் சுத்தமாக வைத்திருப்பதே நல்ல பிடிமானம் தரும். படிகளில் மட்டும் சொரசொரப்புப் பட்டை ஒட்டிக்கொள்ளலாம்.

அறிகுறி: பூசிய எண்ணெய் பிசுபிசுக்கிறது, அல்லது பூச்சு செதில் செதிலாக உரிகிறது

பிசுபிசுப்புக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான், மரம் குடித்தது போக மிச்சத்தைத் துடைக்கவில்லை. ஐப்பே போன்ற அடர்த்தியான மரம் மிகக் கொஞ்சமே குடிக்கும். ஐப்பே தண்ணீரில் மூழ்கும் அளவுக்குக் கனமானது, எண்ணெய் உள்ளே போக இடம் எங்கே? மெல்லியதாகப் பூசி, கால் மணி நேரத்தில் மேலே பளபளப்பாக நிற்பதையெல்லாம் துணியால் துடைத்து எடுத்துவிட வேண்டும். ஏற்கெனவே பிசுபிசுத்துவிட்டால் டர்பன்டைனில் நனைத்த துணியால் அழுத்தித் துடையுங்கள். தோலாக இறுகியிருந்தால் உப்புத்தாள் போட்டுத்தான் எடுக்க வேண்டும்.

அந்தத் துணிகளை மட்டும் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் போன்று காயும் தன்மையுள்ள எண்ணெய்கள் காற்றோடு வினைபுரியும்போது சூடு கிளப்பும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு சேர்ந்து, யாரும் நெருப்பு வைக்காமலே தீப்பிடிக்கும். வெளியே தனித்தனியாக விரித்துக் காயப் போடுங்கள், அல்லது மூடியுள்ள இரும்பு டப்பாவில் தண்ணீருக்குள் முக்கி வையுங்கள்.

செதிலாக உரிகிறது என்றால் பூசியது வார்னிஷ் அல்லது பெயின்ட் வகை. மரம் ஈரத்துக்கு ஏற்ப விரியும், சுருங்கும். மேலே இருக்கும் படலத்தால் அதற்கு ஈடுகொடுக்க முடியாது. ஒரு கீறல் விழுந்ததும் தண்ணீர் உள்ளே போகும், போன தண்ணீரை அதே படலம் வெளியே விடாது. இதற்கு மேலேயே இன்னொரு கோட் அடிப்பது வீண். முழுவதும் சுரண்டி எடுத்துவிட்டு, ஊறும் வகை எண்ணெய்க்கு மாறுங்கள். உப்புத்தாள் 60 அல்லது 80 எண் போதும். அதைவிட மென்மையாகத் தேய்த்தால் எண்ணெய் உள்ளே இறங்காது.

எப்போது எண்ணெய் தேவை என்பதற்கு நாட்காட்டி பார்க்க வேண்டாம். பலகையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்துமுத்தாக நின்றால் இப்போதைக்குத் தேவையில்லை. சில நிமிடத்தில் உறிஞ்சிக் கருத்துவிட்டால் நேரம் வந்துவிட்டது. மக்காமல் இருக்க மருந்தேற்றிய புதுப் பைன் பலகை ஈரத்தோடுதான் வரும். இதே சோதனையில் அது தண்ணீரை உறிஞ்சத் தொடங்கும்வரை எண்ணெய்க்குக் காத்திருங்கள்.

அறிகுறி: பலகையின் ஓரங்கள் தூக்கிக்கொண்டு நடுவில் குழிந்துவிட்டது

மரம் நீளவாட்டில் ஏறக்குறைய மாறுவதே இல்லை. அகலவாட்டில்தான் விரிந்து சுருங்கும், அதுவும் ஆண்டு வளையத்தின் வழியே, குறுக்கே மாறுவதைவிடச் சுமார் இரு மடங்கு. 14 சென்டிமீட்டர் அகலமுள்ள பைன் பலகையின் ஈரப்பதம் 5 சதவீதம் மாறினால் அகலம் 2 மில்லிமீட்டர் அளவுக்கு மாறக்கூடும். இது பலகை முழுக்கச் சமமாக நடந்தால் பிரச்சினை இல்லை. மேல்பக்கம் வெயிலில் காய்ந்து சுருங்க, அடிப்பக்கம் ஈர மண்ணின் ஆவியில் உப்பியே இருந்தால், ஓரங்கள் மேலே தூக்கத்தான் செய்யும். ஆக, குழிந்த பலகை அடியில் காற்றோட்டம் இல்லை என்று சொல்லும் அடையாளம்.

அதிக ஸ்க்ரூ போட்டு இழுத்துப் பிடிப்பது பலருக்கும் தோன்றும் வழி. பலகை பிளந்துவிடும். முதலில் அடியைச் சரிசெய்யுங்கள். மண்ணைக் கொஞ்சம் வாரி எடுங்கள், தண்ணீர் வடிகிற திசையைத் திருப்புங்கள், பக்கவாட்டு மறைப்பில் திறப்பு வையுங்கள். ஒரு கோடைக்காலம் போனால் லேசான குழிவு தானாகவே பாதி சரியாகிவிடும். அப்போதும் நிற்கும் பலகையைக் கழற்றித் திருப்பிப் போடலாம், அல்லது மேடான ஓரங்களை இழைத்து எடுக்கலாம்.

பலகை போடும்போதே கவனித்தால் இன்னும் நல்லது. வெட்டுமுகத்தில் வளையங்களைப் பாருங்கள். காயும்போது பலகை மரப்பட்டை இருந்த பக்கமாகக் குழியும். பட்டைப் பக்கம் மேலே இருந்தால் குழிவும் மேலே வந்து தண்ணீர் நிற்கும். அதற்காகப் பெரிய முடிச்சு உள்ள முகத்தை மேலே வைக்கவும் வேண்டாம். நல்ல முகம் எதுவோ அதை மேலே வைத்து, காற்றோட்டத்தைக் கவனித்துக்கொள்வதே என் வழக்கம்.

அறிகுறி: ஸ்க்ரூ தலை மேலே கிளம்புகிறது, நடந்தால் கிரீச்சிடுகிறது

இரண்டுக்கும் காரணம் ஒன்றே, பலகை விரிந்து சுருங்கிப் பிடிப்பைத் தளர்த்திவிட்டது. ஆணியாக இருந்தால் திரும்பத் தட்டி இறக்காதீர்கள், அதே துளையில் அது நிற்காது. பிடுங்கிவிட்டு, அதைவிட நீளமான ஸ்க்ரூ போடுங்கள். ஒவ்வொரு சட்டத்தின் மேலும் இரண்டு ஸ்க்ரூ, ஓரத்திலிருந்து 2 சென்டிமீட்டர் உள்ளே. கெட்டி மரத்திலும், எந்த மரமானாலும் பலகை முனையிலும், முதலில் ட்ரில் போட்டுத் துளை எடுத்துக்கொள்ளுங்கள். தலையை மேற்பரப்போடு சமமாக நிறுத்துங்கள். ஆழமாக இறக்கினால் அந்தக் குழியில் தண்ணீர் நிற்கும்.

அறிகுறி: விரிசலும் சிலாம்பும்

மேற்பரப்பில் நீளவாட்டில் ஓடும் மெல்லிய விரிசல் வெயிலில் காய்வதால் வருவது. பலத்தைக் குறைக்காது. அதில் மரப்பட்டியை அடைக்க வேண்டாம், பட்டிக்கும் மரத்துக்கும் நடுவே தண்ணீர் சிக்கிக்கொள்ளும்.

முனையிலிருந்து ஸ்க்ரூவை நோக்கி ஓடும் பிளவு வேறு ரகம். வெட்டுமுகம் பலகையின் முகத்தைவிடப் பல மடங்கு வேகமாகத் தண்ணீரைக் குடிக்கும். ஒவ்வொரு மழைக்கும் முனை உப்பி, காய்ந்து, கடைசியில் பிளக்கிறது. சிறிய பிளவு என்றால் அந்த அளவுக்கு அறுத்துவிட்டு, புது வெட்டுமுகத்தில் மெழுகுப் பூச்சு கொடுங்கள். மருந்தேற்றிய மரமாக இருந்தால் வெட்டிய இடத்தில் மருந்தை மறுபடி பூசுவது கட்டாயம், ஏனென்றால் மருந்து மரத்தின் மையம்வரை போயிருக்காது.

சிலாம்பு காலில் ஏறும் அளவுக்குக் கிளம்பியிருந்தால் உப்புத்தாள் போடுங்கள். ஒரு எச்சரிக்கை. பழைய தளத்தில் குரோமியம், செம்பு, ஆர்சனிக் மூன்றும் சேர்ந்த சிசிஏ மருந்தேற்றிய மரம் இருக்கலாம். அமெரிக்காவில் 2003 முடிவோடும் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2004-லும் வீட்டு உபயோகத்துக்கு இதை நிறுத்தினார்கள். உங்கள் தளம் அதற்கு முந்தையது என்றாலோ, பச்சை சாயல் அடிக்கும் பழைய பைன் என்றாலோ, தேய்க்காமல் பலகையை மாற்றிவிடுவதே மேல். மருந்தேற்றிய எந்த மரத்துண்டையும் அடுப்பிலோ குப்பையோடோ எரிக்கவே கூடாது.

அறிகுறி: மிதித்தால் மெத்தென்று இருக்கிறது

இந்த ஒன்றைத் தள்ளிப்போடாதீர்கள். மேலே சொன்னவை பெரும்பாலும் அழகைக் கெடுப்பவை, இது ஆளைக் கீழே தள்ளுவது.

ஸ்க்ரூடிரைவர் முனையைச் சந்தேகமான இடத்தில் சாய்வாகக் குத்தி, ஒரு சிறு துணுக்கை நெம்பிப் பாருங்கள். நீளமான சிலாம்பாகக் கிளம்பி, சடக்கென்ற ஓசையோடு முறிந்தால் மரம் நலமாக இருக்கிறது. ஓசையில்லாமல், குட்டையாக, பிஸ்கட் மாதிரி உடைந்தால் மக்கல் தொடங்கிவிட்டது. பழுப்பாகிக் கட்டம் கட்டமாக வெடித்திருந்தால் பழுப்பு மக்கல். வெளிறி நார்நாராகப் பஞ்சுபோல இருந்தால் வெள்ளை மக்கல். பெயர் எதுவானாலும் நாம் செய்ய வேண்டியது ஒன்றுதான். காளான் முளைத்திருந்தால் சோதனையே தேவையில்லை. அது வெளியே தெரியும் கனி மட்டுமே, பூஞ்சையின் இழைகள் மரத்துக்குள் வெகுதூரம் ஓடியிருக்கும்.

எங்கே குத்திப் பார்ப்பது? இரண்டு பலகை முனைகள் ஒரே சட்டத்தின் மேல் சந்திக்கும் இடம். பூந்தொட்டி வைத்திருந்த இடம். படிச்சட்டம் மண்ணைத் தொடும் அடி. கம்பம் மண்ணுக்குள் இறங்கும் மட்டம், ஏனென்றால் ஈரமும் காற்றும் ஒருசேரக் கிடைப்பது அந்த மட்டத்தில்தான். எல்லாவற்றையும்விட முக்கியமாகச் சட்டத்தின் தலை. பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவே சிக்கிய தண்ணீருக்கு வெயிலும் இல்லை, காற்றும் இல்லை, ஸ்க்ரூத் துளை வழியாக உள்ளே போக வழி மட்டும் இருக்கிறது. மேலே பலகை திடமாகவே இருக்கும், அடியில் சட்டம் போயிருக்கும்.

பலகை மட்டும் மக்கியிருந்தால் மாற்றிவிடலாம், சின்ன வேலை. சட்டத்தின் தலையில் மேலோட்டமாகப் போயிருந்தால், மக்கியதை உளியால் திடமான மரம் வரும்வரை செதுக்கி எடுத்து, நன்றாகக் காயவிட்டு, மருந்து பூசி, பக்கத்திலேயே அதே உயரத்தில் ஒரு புதுச் சட்டத்தை போல்ட் போட்டு இணைக்கலாம். பலகையைத் திரும்பப் பொருத்துவதற்கு முன் இரண்டு சட்டங்களின் தலையிலும் பியூட்டைல் டேப் (தண்ணீர் புகாத ரப்பர் ஒட்டுப்பட்டை) ஒட்டுங்கள். புதுத் தளம் போடுகிறவர்களுக்கும் இதையே சொல்வேன். மொத்தச் செலவில் அந்த டேப் ஒரு சிறு துளி, அது காப்பாற்றுவது அடித்தளம் முழுவதையும். பட்டியோ எபாக்சியோ போட்டு நிரப்பிப் பாரம் தாங்கும் சட்டத்தைச் சரிசெய்ததாக நினைப்பது ஆபத்து.

கம்பத்தின் அடி போயிருந்தால் தளத்தை ஜாக்கியால் தாங்கி நிறுத்திவிட்டு, கம்பத்தை அறுத்து, கான்கிரீட்டுக்கு மேலே சில சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும் இரும்புக் காலணியில் உட்கார வைக்க வேண்டும். கான்கிரீட்டின் தலையைத் தண்ணீர் வெளியே வடியும்படி சரிவாகப் பூசுங்கள். குழியாக இருந்தால் புதுக் கம்பமும் அதே வழியில் போகும்.

அறிகுறி: தளம் ஆடுகிறது, கைப்பிடி அசைகிறது

நடக்கும்போது மேலும் கீழும் துள்ளுகிறது என்றால் சட்டங்களின் நடுத்தூரத்தை அளந்து பாருங்கள். 25 மில்லிமீட்டர் தடிப்புள்ள பலகைக்கு 40 சென்டிமீட்டர், பலகையைச் சாய்வாகப் போட்டிருந்தால் 30. அதற்கு மேல் இருந்தால் நடுவில் கூடுதல் சட்டம் வேண்டும். தூரம் சரியாக இருந்தும் துள்ளினால் சட்டங்களுக்கு நடுவே குறுக்குக் கட்டைகள் வைத்து இறுக்குங்கள்.

பக்கவாட்டில் ஆடினாலோ, வீட்டுச் சுவரோடு பொருத்திய சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே விரிசல் தெரிந்தாலோ, யாரையும் மேலே ஏற விடாதீர்கள். உயரமான தளங்கள் இடிந்து விழும்போது பெரும்பாலும் அறுந்து வருவது இந்தச் சுவர்ச் சட்டம்தான். வெறும் ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும், அல்லது சுவரிலிருந்து வழியும் மழைநீர் அதன் பின்னால் இறங்கி மக்கியிருக்கும். தடித்த போல்ட்டும், மேலே தண்ணீரைத் தள்ளிவிடும் தகடும் இருக்க வேண்டிய இடம் இது. கட்டுமானம் தெரிந்தவரை அழைத்துக் காட்டுங்கள். கைப்பிடிக் கம்பம் அசைவதையும் இதே கவனத்தோடு பாருங்கள், சாய்ந்து நிற்பவர் அதை நம்பித்தான் நிற்கிறார்.

அறிகுறி: அடியில் மாவு, குருணை, மண் குழாய்

மைதா போல மெல்லிய மாவும் குண்டூசித் துளைகளும் இருந்தால் உளுவண்டு. அது பெரும்பாலும் வைரம் பாயாத வெள்ளைப் பகுதியைத்தான் அரிக்கும். மணல் போன்ற ஆறு பட்டைக் குருணை என்றால் காய்ந்த மரத்துக்குள்ளேயே வாழும் கரையான். கம்பத்தின் மேல் மண் குழாய் ஏறியிருந்தால் நிலத்துக் கரையான். குழாயை உடைத்துவிட்டால் முடிந்தது என்று நினைக்க வேண்டாம், புற்று மண்ணுக்குள் இருக்கிறது. மண்ணுக்கே மருந்து கொடுக்கத் தெரிந்தவர் வர வேண்டும். போரான் மருந்து பூச்சிக்கு நல்லதுதான், ஆனால் மழையில் கரைந்து போய்விடும். நனையாத இடத்துக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

மாற்றுப் பலகை எதை வாங்குவது?

மரத்தின் இயற்கைத் தாக்குப்பிடிக்கும் திறனை ஐரோப்பியத் தரம் 1 முதல் 5 வரை பிரிக்கிறது, 1 மிகச் சிறந்தது. காட்டில் வளர்ந்த நல்ல தேக்கும் ஐப்பேயும் 1, ஐரோப்பிய ஓக் பொதுவாக 2. இந்த எண்கள் வைரம் பாய்ந்த பகுதிக்கு மட்டுமே பொருந்தும். எந்த மரமானாலும் வெள்ளைப் பகுதி 5-ஆம் வகுப்புதான். தேக்குப் பலகை என்று வாங்கி, பாதி வெளிர் நிறமாக இருந்தால், அந்தப் பாதி மலிவான பைனைப் போலவே மக்கும். கடையில் ஒவ்வொரு பலகையையும் நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்தே எடுங்கள்.

ஐப்பே மரத்தின் பன்னாட்டு வணிகம் 2024 நவம்பர் முதல், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலின் கீழ் வருகிறது. அதனால் அதற்கு முறையான ஆவணம் இருக்கிறதா என்று கேளுங்கள். காடு அழியாமல் நல்ல மரம் வேண்டும் என்பவர்களுக்கு வேறு வழிகளும் உண்டு. சுமார் 200 டிகிரி வெப்பத்தில் பதப்படுத்திய மரம் ஈரத்துக்கு அதிகம் அசையாது, ஆனால் கொஞ்சம் நொறுங்கும் தன்மை வந்துவிடுவதால் பலகைக்கு மட்டுமே, சட்டத்துக்கு வேண்டாம். அசிட்டைலேற்றம் செய்த (ஈரத்தை அதிகம் ஏற்காதபடி வேதிமுறையில் மாற்றிய) பைன் விலை கூடுதல், ஆனால் தேக்குக்கு நிகராக நிற்கும்.

மருந்தேற்றிய பைன் வாங்கினால் பயன்பாட்டு வகுப்பைப் பாருங்கள், இது எந்த இடத்துக்கு ஏற்றது என்று சொல்லும் வேறு எண். நிலத்துக்கு மேலே இருக்கும் பலகைக்கு 3, மண்ணைத் தொடும் கம்பத்துக்கு 4. பட்ஜெட் குறைவாக இருந்தால் பலகையில் மிச்சம் பிடித்து, சட்டத்திலும் கம்பத்திலும் செலவழியுங்கள் என்பேன். தேய்ந்த பலகையை ஒரு மாலையில் மாற்றிவிடலாம், சட்டத்தை மாற்றத் தளத்தையே பிரிக்க வேண்டும். இப்போதைய செம்பு மருந்துகள் சாதா இரும்பை வேகமாக அரிக்கும் என்பதால் எவர்சில்வர் ஸ்க்ரூவோ, உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த ஸ்க்ரூவோ மட்டும் போடுங்கள்.

பழைய பலகைகளுக்கு நடுவே புதுப் பலகை தனியாகப் பளிச்சென்று தெரிந்தால் கவலைப்பட வேண்டாம், சில மாத வெயிலில் ஒன்றாகிவிடும். உடனே ஒன்றாகத் தெரிய வேண்டுமா? கண்ணில் படாத மூலையில் இருக்கும் பழைய பலகையைக் கழற்றி நடுவில் போட்டுவிட்டு, புதியதை மூலைக்கு அனுப்புங்கள்.